மூடியைக் காத்த முற்றம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கிண்ணியா பஸ் என் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. தேநீர்க் கடையில் மிச்சக் காசுக்காக நின்றவள் நான். யாரைக் குறை சொல்வது? அடுத்து வந்த திருகோணமலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, குருநாகல் வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கிண்ணியாப் பர்ஸானா. அவளுடைய கணவர் நிஸ்தார் டோஹாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடமாகக் கரி அடுப்பில் இறைச்சி வாட்டும் வேலை பார்க்கிறார். விடுமுறை முடிந்து ஞாயிறு இரவு விமானம். ஞாயிறு காலை கிண்ணியாவிலிருந்து கொழும்புக்கு எனக்கும் அவருக்குமாக இரண்டு ஆசனம் பதிவு செய்திருந்தேன். ஆனால் இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. நிலாவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் சிவநேசன் என்பவர் அன்று மதியம் வந்து நிஸ்தாரின் புகை போட்ட ஆட்டு விலாவைச் சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்திருந்தால் தன் விடுதிக்குத் தொடர்ந்து வாங்குவார். வாங்கினால் நிஸ்தார் விமானம் ஏறத் தேவையில்லை. "நீ வந்து சாப்பிட்டுப் பாரடி. ஒரு ஆசனம் வீணாப் போகட்டும் எண்டு துஆக் கேட்டுட்டு இருக்கிறன்" என்று பர்ஸானா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

ஹபரணை, கந்தளாய் தாண்டித் தம்பலகாமத்து வயல்கள் வந்தபோது மணி ஒன்று. பச்சை முடிகிற இடமே தெரியவில்லை. சீனன்குடாவுக்குக் கிட்ட, கிண்ணியா வீதி பிரிகிற சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். எண்ணூறு ரூபாய் கேட்டார், எழுநூறுக்கு இறங்கினார்.

கிண்ணியாப் பாலத்தின் நடுவில் அவரை நிறுத்தச் சொன்னேன். வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் கொட்டியாரக்குடா. அவ்வளவு தண்ணீரை ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ள முடியாமல் நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மலைகள் கைகோத்துச் சுற்றி நிற்க, நடுவில் ஒரு கப்பல் அசையாமல் கிடந்தது. எத்தனை நாட்டுக்காரர் இந்தத் துறைமுகத்துக்காக அடிபட்டிருக்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தது. ஏன் அடிபட்டார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

"முந்தி பாலம் இல்ல. பாதையில வாகனத்த ஏத்தித்தான் கடக்கிறது" என்றார் ஓட்டோக்காரர். பாதை என்பது மிதவைப் படகு. "ஆர் வீட்டுக்குப் போறீங்க?"

பர்ஸானாவின் வாப்பா பெயரைச் சொன்னேன்.

"ஓ, பீப்பா வெட்டி அடுப்புச் செஞ்ச மாப்பிள்ளட வீடு. நாளைக்கு ஊரே அங்கதான் நிக்கும்."

அது எச்சரிக்கை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்தப் பக்கத்து வழக்கத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வளவும் வீடும் பர்ஸானாவுக்குச் சீதனமாக வந்தவை. சுற்றிலும் அவளுடைய மாமாமார், சாச்சாமார் எனப்படும் சித்தப்பாமார், ராத்தாமார் எனப்படும் அக்காமார். நிஸ்தார் அங்கே எத்தனை வருடமானாலும் மாப்பிள்ளை. எல்லாரும் மரியாதை கொடுப்பார்கள், அவரும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்று பின்னேரம் குசினியில் தேநீர் குடிக்கும்போது தட்டுகள் அடுக்கியிருந்த கம்பி ரேக்கைக் காட்டி, "இது நல்லாயிருக்கே, எங்க வாங்கினது?" என்றேன்.

பர்ஸானா சிரித்தாள். "இவர் டோஹாவில இருந்து அனுப்பினது. தட்டு வைக்கிறதாக்கும் எண்டு நானும் ரெண்டு மாசமாத் தட்டு அடுக்கினநான். லீவில வந்து பார்த்துட்டுத் தலையில கை வைச்சிட்டார். அது விலா நிமித்தி வைக்கிற ரேக்காம்."

நிஸ்தார் எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மெலிந்த, சுத்தமான கைகள். "படுக்க வைச்சா இந்தப் பீப்பாக்குள்ள மூணு துண்டம்தான் கொள்ளும். நிமித்தி வைச்சா ஒரு ரேக்கில அஞ்சு. இடையில விரல் அகலம் இடம் இருக்கு பாருங்க, அதால புகை ரெண்டு பக்கமும் போகும். கொழுப்பு தானா வழிஞ்சு கீழ தண்ணித் தகரத்துக்குள்ள விழும்." இதைப் பார்த்து உள்ளூர் இரும்பு ஒட்டுக்கடையில் துருப்பிடிக்காத கம்பியில் இன்னொன்று செய்வித்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது டோஹா, எது கிண்ணியா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று விடியலிலேயே எழும்பிவிட்டது. பீப்பாயை மதிலுக்கு மறைவாக மாமரத்தடியில் வைத்திருந்தார்கள். சிவநேசன் வெள்ளிக்கிழமை மரக்கறிதான் சாப்பிடுவாராம், மாட்டிறைச்சி எந்த நாளும் தொடமாட்டாராம். அதனால்தான் சனிக்கிழமை, அதனால்தான் ஆடு.

எட்டு மணிக்கு நிஸ்தார் விலாவின் உட்புறத் தோலைத் துணியால் பிடித்து உரித்தார். உப்பு, மிளகு, செத்தல் மிளகாய்த் தூள், கொஞ்சம் சர்க்கரை தடவினார். தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பீப்பாயின் ஒரு பக்கம் மட்டும் குவித்து, மறுபக்கம் தண்ணீர்த் தகரம் வைத்து, அதற்கு மேல் இரண்டு ரேக்கையும் நிறுத்தினார். பத்துத் துண்டம் விலா, முதுகு நிமிர்த்தி, பள்ளிக்கூட வரிசை மாதிரி நின்றது. கொய்யாக் கட்டை இரண்டைக் கரிமேல் போட்டு மூடியை இறக்கினார். நீலப் புகை ஒரு நூலாக எழுந்து மாவிலைகளுக்குள் போனது.  ஒரு சாப்பாட்டைப் பார்த்து நான் கை கட்டி நின்றது அதுதான் முதல் தடவை.

"இனி ஒரு மணிக்குத்தான். இடையில ரெண்டு தரம் ரேக்கைத் திருப்பி வைக்கோணும். மத்தப்படி மூடியத் திறக்கவே ஏலாது. திறந்தா சூடு போயிடும், காத்துப் பட்டா கரி கனண்டிடும்" என்றார்.

அரை மணித்தியாலத்தில் மூத்த மாமா வந்தார். ஸலாம் சொன்னார், நேரே போய் மூடியைத் தூக்கினார். "மாஷா அல்லாஹ்" என்றார், பின்பு குனிந்து பார்த்தார். "நெருப்பு நூந்து கிடக்கே மாப்பிள்ள" என்று அட்டைத் துண்டொன்றால் விசிறத் தொடங்கினார். இந்த ஊரில் சமைக்கிற இடத்துக்கு வருகிறவர் சும்மா நிற்கமாட்டார். பாத்திரத்தைத் திறந்து பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்வதும், நெருப்பை ஒருதரம் ஊதிவிடுவதும் வீட்டாருக்குச் செய்கிற மரியாதை.

"இருக்கட்டும் மாமா, நான் பார்க்கிறன்" என்றார் நிஸ்தார். வேறென்ன சொல்வது?

அடுத்து இரண்டாவது மாமா. திறந்தார், ஒரு சட்டி கரியை அள்ளிக் கொட்டினார். அடுத்து சின்னச் சாச்சா. விலா ஏன் நிற்கிறது என்று பரிதாபப்பட்டு ஒன்றை இழுத்துப் படுக்க வைத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு நிஸ்தார் உள்ளே பார்த்தபோது கரிப்பக்கத்து இரண்டு துண்டத்தின் ஓரம் கறுத்திருந்தது. நடுவில் நின்றவை பச்சையாகவே இருந்தன. டோஹாவில் பதினொரு வருடமாகக் கரி அடுப்பை ஆள்கிறவர், இங்கே ஒரு மூடியைப் பிடிக்க முடியாமல் நின்றார். வியர்வையா, வேறெதுவா தெரியவில்லை, சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். கேற் பக்கம் இன்னும் நான்கு பேர் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வருமளவுக்குக் கோபம் வந்தது. விருந்தாளி நான், யார் மேல் காட்டுவது?

பர்ஸானா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஒரு கதிரையைத் தூக்கினாள், என்னிடமும் ஒன்றைத் தந்தாள். "உம்மா, ராத்தா, மாமி, சாச்சி, எல்லாரும் வெங்காயத்த எடுத்துட்டு வெளிய வாங்க. உள்ள புழுக்கம்" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் பீப்பாயைச் சுற்றி ஒன்பது கதிரை. ஒன்பது பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெங்காயம் உரித்தோம். கையை நீட்டியபடி வந்த நான்கு ஆண்களும் மாமரத்துக்கு அப்பால் தரையில் கோடு கீறியது போல் நின்றார்கள். பெண்கள் கூடியிருக்கிற இடத்துக்குள் ஓர் ஆண் நுழைவதாவது? தொண்டையைச் செருமினார்கள், பார்வையைத் தாழ்த்தினார்கள், முன் விறாந்தைக்குத் திரும்பினார்கள். மூத்த மாமா அட்டைத் துண்டைக்கூடக் கொண்டு போய்விட்டார். பர்ஸானாவை நான் இருபது வருடமாக அறிவேன். அன்று அவளை முதல்முறை பார்ப்பது போல் பார்த்தேன்.

ஒரு சிக்கல்தான். மாமியார் இருக்கிற வட்டத்துக்குள் மாப்பிள்ளையும் வரமுடியாது. நிஸ்தார் விறாந்தையில் ஆண்களோடு மாட்டிக்கொண்டார். சிறிது நேரத்தில் பர்ஸானாவின் கைத்தொலைபேசி அடித்தது.

"இஞ்ச பாருங்க, பதறாதீங்க" என்றாள் அவள். "சொல்லுங்க, நான் செய்றன்."

அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல அவள் இங்கே செய்தாள். படுத்துக் கிடந்ததை நிமிர்த்தினாள், கூடிய கரியை அகப்பையால் ஒதுக்கினாள், காற்றுத் துவாரத்தைப் பாதி மூடினாள், கறுத்த பக்கம் வெளியே வரும்படி ரேக்கைத் திருப்பினாள். மூத்த மாமாவின் மனைவி ஒருதரம் மூடியில் கை வைத்தார். "மாமி, இது அவர் பயணத்தை மறிக்கப் போட்ட மூடி" என்றாள் பர்ஸானா. கை பின்வாங்கியது. பன்னிரண்டரைக்கு மறுபடி தொலைபேசி அடித்தது. இரண்டாவது தடவையாக ரேக்கைத் திருப்பி முடித்த கையோடு, அவள் அதை எடுக்காமல் வெங்காயத்துக்குள் வைத்தாள்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் வந்தபோது சிவநேசனும் வந்திருந்தார். மூடி திறக்கப்பட்டது. பத்தும் அப்படியே நின்றன, செம்பழுப்பாக, எலும்பு நுனிகள் வெளியே தெரிய. ஓரம் கறுத்த இரண்டையும் பர்ஸானா எங்களுக்கென்று ஒதுக்கினாள், சொல்லப்போனால் அவைதான் எனக்கு அதிகம் பிடித்தன. எலும்பைத் திருகினால் இறைச்சி தானாகக் கழன்றது. உள்ளே கொய்யாவின் மணம். விறாந்தையில் பேச்சு நின்றுபோனது உள்ளே இருந்த எங்களுக்கும் கேட்டது.

சிவநேசன் நான்கு எலும்பை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "சீசன் முடியுமட்டும் ஒவ்வொரு வெள்ளி, சனி, ஞாயிறும் எனக்கு வேணும். நீங்கள் சமைச்சதுதானே தம்பி?"

நிஸ்தார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுக்கினது நான். ஆக்கினது அவ."

"அப்ப ரெண்டு பேரும் நிலாவெளிக்கு வாருங்கோ. குசினி தாறன்."

கதவுக்குப் பின்னால் நின்ற பர்ஸானா அங்கிருந்தே சொன்னாள். "அங்க மூடியத் திறக்கிறவங்கள நான் மறிக்க ஏலாது. இங்க சமைச்சுத் தாறம். நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க."

"இதால டோஹாச் சம்பளம் வராது" என்றார் நிஸ்தார். அவளுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. 

ஞாயிறு காலை. அவருடைய பெரிய பெட்டி கட்டிய கயிறோடு வாசலில் இருந்தது. அவர் வருகிறாரா இல்லையா என்று தெரியாமல் என் பையை அதன் பக்கத்தில் வைத்தேன். ஓட்டோ வந்தது. நிஸ்தார் குனிந்தார், என் பையை மட்டும் தூக்கி ஓட்டோவில் வைத்தார், கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். தட்டுகள் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ரேக் இரண்டும் கழுவி வெயிலில் காய்ந்தன. பர்ஸானா ஈயத்தாளில் சுற்றிய நான்கு எலும்பை என் கையில் வைத்து அழுத்தினாள். 

பஸ் பாலத்தில் ஏறியது. குடா முந்தாநாளைப் போலவே கிடந்தது, நான்தான் அதை வேறு மாதிரிப் பார்த்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் சிறிய குசினியில் சோறு வேகும்போது நான் எத்தனை தடவை மூடியைத் தூக்குவேன் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே என்னைத் தடுக்க யாரும் இல்லை.

சீனன்குடா தாண்டியதும் நடத்துநர் வந்தார். என் பக்கத்து ஆசனத்தில் ஈயத்தாள் பொட்டலம் மட்டும் இருந்தது.

"இந்த சீட்டுக்கு ஆள் வருமா மிஸ்?"

"வரமாட்டார்" என்றேன். கேட்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.