ராணிக்கு ஞாயிறு விடுமுறை

ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் பில் போடுகிறவனுக்கு, மழை பிடித்து ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுவிட்டால், கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுதான் வேலை. நான் அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் சாமான்களுக்குக் காவல் இருக்கும் அப்பாமார்களே, என் கதையைக் கேளுங்கள்.

என் மகள் ஷைனி குவைத்தில் நர்ஸ். போகும்போது ஆன்லைன் விளையாட்டில் தான் ஆடிவந்த ராணி என்ற பாத்திரத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ராணிக்கு ஒரு வயல் உண்டு, சேர்ந்து விளையாட ஒரு குழுவும் உண்டு. எல்லாரும் அவளோடு நாகர்கோவிலில் படித்தவர்கள். டியூட்டி முடிந்து அங்கிருந்து அவள் ஆட வரும்வரை நான் பயிரைக் காயவிடக் கூடாது. எனக்கு விளையாட்டு இருப்பதோ வீட்டுக் கம்ப்யூட்டரில், நான் இருப்பதோ இரணியல் கடையில். கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கும் வித்தையையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

அறுப்பு நேரம்

ஒரு நாள் ராணியின் கோதுமை விளைந்து நின்றது. விட்டால் பாழாகிவிடும் என்று மும்முரமாக அறுத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் வந்து நின்றதே தெரியவில்லை. தூறலில் ஸ்கூட்டரோடு ஷீட் கட்டை விட்டுவிட்டு வந்தவர், எட்டித் திரையைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

“சாரே, ஒங்க விளையில அறுப்பு நடக்கட்டு. என் ஷீட்டு வெளிய நனையுது.”

தானாக அலைந்த அம்பு

இன்னொரு நாள் தண்ணீர் பாய்ச்சும்போது திரை பட்டென்று இருண்டது. மகளின் பயிர் போச்சே என்று பதறி வீட்டுக்குப் போன் போட்டேன். நான் கடையிலிருந்து செய்யும் வித்தையை என் மனைவி லில்லியிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் துடைப்பத்தோடு மகளின் அறையைத் தூத்துவாரப் போயிருக்கிறாள். என்னைவிட நிதானமாகப் பேசினாள்.

“கம்ப்யூட்டர்ல அம்பு தானா அலஞ்சுது. ஜெபம் பண்ணிட்டு ஒயரப் புடுங்கிட்டேன். இப்ப ஒண்ணும் இல்ல.”

குழுவுக்கு ஒரு பதில்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் அதைத் தொடமாட்டேன். ஓய்வு நாளில் வேலை செய்யக் கூடாது என்று வளர்ந்தவன். விளையாட்டு வயல் என்றாலும் அறுப்பு அறுப்புதானே. ஆனால் குழுவுக்கு வாரப் போட்டியே ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு ஷைனிக்கும் டியூட்டி. ‘சண்டே எங்க போற?’ என்று கேட்டார்கள். நான்தான் ராணி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ‘ஆலயத்துக்கு. நீங்களும் போங்க’ என்று தட்டிவிட்டேன். உடனே ஒரு பெண்ணிடமிருந்து ‘அடியே’ போடும் உரிமையோடு பதில் வந்தது.

“ஏட்டி, நீ குவைத்துக்குப் போயி பாஸ்டர் ஆயிட்டியா?”

அதை ஷைனியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ‘சண்டே எங்க போற?’ என்று அவர்கள் கேட்டதே ஓர் எச்சரிக்கை என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை

மழை விட்டு ஷீட் வரத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, கடையில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன். வயல் இல்லை. ராணி மூடிய வாசலுக்கு வெளியே தனியாக நின்றாள். போட்டிக்கு வராதவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களாம், அதோடு வயலும் போய்விடுமாம். நான் அவள் அப்பா, தப்பு என்னுடையது என்று குழுத் தலைவனுக்கு எழுதினேன். ‘ஸாரி அங்கிள், சண்டே வாற ஆளுக்கு எடத்தக் குடுத்தாச்சு’ என்று மரியாதையாகவே சொன்னான்.

போனில் சொன்னதும் ஷைனி திட்டவில்லை. வேறு குழுவில் சேர்ந்துகொள்ளலாம் மக்களே என்று அவளைத் தேற்றினேன்.  அதற்கு அவள் சொன்னது இதுதான்.

“போன்ல எல்லாரும் நல்லா இருக்கியான்னுதான் கேக்காங்கப்பா. ஏட்டின்னு கூப்பிட்டு எங்கூட சண்ட போடதுக்கு அந்தக் குழுவுலதான் ஆளு இருந்துது.”

கர்த்தர் ஒரு நாள்தான் ஓய்ந்திருக்கச் சொன்னார், நான் என் மகளின் ராணிக்கு ஏழு நாளும் ஓய்வு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.