மாமாவின் மூச்சு என் கையில் இருந்தபோது

ஆஸ்பத்திரிகளில் சுவாச இயந்திரங்களைச் சரிபார்ப்பது இப்போது என் தொழில். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனதும், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் இறப்பர்ப் பை தொங்குகிறதா என்று முதலில் பார்ப்பேன். இயந்திரம் நின்றால் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை. அதை நான் பழகியது ஏழு வயதில், ஏறாவூர் வான் ஒன்றுக்குள்.

அப்போது சண்டைக் காலம். அம்மாவின் அண்ணனான மாமா, வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், தோணிக்குள்ளேயே விழுந்துவிட்டார். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. டொக்டர் மாமியைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைச் சொன்னாராம். மூளை இனித் திரும்பாது. மூச்சு இயந்திரத்தினுடையது. கழற்றுவதா, வைத்திருப்பதா என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். மாமி அழாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க வச்சுக் கழட்டுவீங்க?"

"இஞ்சதான் அம்மா."

"இல்ல டொக்டர். என்ட வீட்டில வச்சுக் கழட்டுவம். உசிரோட வாசல் ஏறட்டும்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பனிச்சங்கேணியில் அந்த வீடு மாமியின் சீதனம். மாமா கலியாணம் முடித்து அதற்குள் வந்தவர். டொக்டர் பையையும் கொடுத்து, கூடவே ஒரு மிஸியையும் அனுப்பினார். தாதிமாரை நாங்கள் மிஸி என்போம்.

இதெல்லாம் பிறகு அம்மா சொன்னது. மாமா வீட்டுக்கு வருகிறார் என்பது மட்டுமே எனக்கு அன்று தெரியும். ஆயத்தம் செய்ய அம்மா முதல் பஸ்ஸில் போய்விட, நான் மாமியோடு ஒட்டிக்கொண்டேன்.

வானுக்குள் மாமியும் மிஸியும் மாறி மாறிப் பையை அமுக்கினார்கள்.

"நானா, பள்ளம் பாத்து ஓட்டுங்க" என்றார் மாமி. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

"பள்ளம் இல்லாத இடத்தைக் காட்டுங்க தங்கச்சி, அதில ஓட்டுறன்" என்றார் வான்காரர்.

நான் கரைச்சல் கொடுத்ததில் மிஸி எனக்கும் காட்டித் தந்தார். "அமத்து, விடு. நீ மூச்செடுக்கிற மாதிரித்தான்."

சோதனைச் சாவடியில் வாகனத்தில் வந்தவர்கள் இறங்கி நடந்து போக வேண்டும். சாரதி மட்டும் வாகனத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். கை நின்றால் மூச்சு நின்றுவிடும் என்று வான்காரர் சிங்களத்தில் மன்றாடினார். ஆமிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"சின்னப் புள்ள இருக்க. மத்த ஆள் நட."

மாமி பையை என் கையில் வைத்தார். "நான் வாறமட்டும் விடாத, புள்ள."

நான் அமுக்க மாமாவின் நெஞ்சு எழும்பியது, விடத் தாழ்ந்தது. வலை இழுக்கிற அந்தப் பெரிய நெஞ்சு என் சொல்லுக் கேட்டது. இருக்கைக்குக் கீழே தேடிய ஆமிக்காரர்கூட என் முழங்கையில் படாமல் ஒதுங்கித்தான் தேடினார்.

"என்ன டொக்டரம்மா, ஆள் எப்பிடி?" என்றார் வான்காரர், திரும்பாமலே.

"மூச்சு விடுறார் நானா!"

தடை தாண்டி மாமி ஏறி வந்து என் தலையைத் தடவினார். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

வீட்டு வாசலில் பெண்கள் ஒப்பாரிக்குத் தலைமயிரை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். நான் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன். "மாமா மூச்சு விடுறார்! நான்தான் அமத்தின!"

பக்கத்து வளவுக்காரிக்கு என்ன விளங்கியதோ, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டுவிட்டார். மாப்பிள்ளை அழைப்பில் போடுகிற அதே குரவை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா பதறிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்.

"போடட்டும், விடு" என்றார் மாமி. "கலியாணத்தண்டும் இந்த வாசலால குரவையோடதானே வந்தவர்."

நடு அறையில் மாமாவைக் கிடத்தி விளக்கு வைத்தார்கள். மிஸி மாமியின் முகத்தைப் பார்த்தார். "நானே" என்றார் மாமி. மாமாவின் நெற்றியைத் துடைத்து, பையை ஒருதரம் ஆறுதலாக அமுக்கினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வழி முழுக்க அமுக்கியதில் மாமிக்குக் கை களைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "நான் அமத்தட்டா மாமி?" என்று என் இரண்டு கைகளையும் நீட்டினேன்.