வட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்

ஜமால் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... ஹார்ட் அட்டாக்.

துடியலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. அவர் மோட்டார் வைண்டிங் செக்‌ஷன், நான் டைம் ஆபீஸில் பி.எஃப். கிளார்க்.

தொண்ணூறுகளின் நடுவில் புது பென்ஷன் திட்டம் வந்தது. ஆளாளுக்குப் படிவத்தை நிரப்பச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

பாய் மட்டும் படிவத்தைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். மாதாமாதம் வரும் பென்ஷனில் தடையில்லையாம், பி.எஃப். பணத்தின் மேல் ஏறும் வட்டிதான் ஆகாதாம்.

"ஏனுங்க அம்மணி, வட்டி வேணாமுன்னு சொன்னா சர்க்காரு கேக்குமுங்களா?"

சிரித்துவிட்டேன். வட்டி பத்தவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன்.

ஆனால் விதிப் புத்தகத்தைப் புரட்டினால், இருக்கிறது! வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வட்டி போடக் கூடாது. நானே லெட்டர் டைப் செய்து கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்ட அன்று அவர் முகத்தைப் பார்க்கணுமே... பொண்ணுக்குக் கல்யாணம் முடித்த அப்பா மாதிரி இருந்தார்.

அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். மொத்தம் அஞ்சு லெட்டர்.

எனக்கு எதுவும் இறைந்து கிடக்கக் கூடாது. அஞ்சையும் பஞ்ச் செய்து தனி ஃபைலில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவில் கொட்டையாக எழுதினேன்: பாய் ஃபைல்.

பாயே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அப்புறம் குண்டு வெடித்து ஊர் கெட்டுப்போன அந்த நாட்கள். பாதிக் கடை அடைப்பு, உக்கடம் பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது, கேன்டீனில் தனித்தனி டேபிள்.

ஒரு நாள் மத்தியானம் நம்பர் பிளேட் இல்லாத ஜீப்பில் ரெண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் ரூமில் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

மேனேஜர் என் டேபிளுக்கே வந்தார். அவர் அப்படி வருகிற ஆள் இல்லை.

"நம்ம பாய்ங்கள்ல மதத்துல ரொம்பப் பிடிப்பா இருக்கறவங்க யாரு யாருன்னு கேக்கறாங்கம்மா."

யார் கேட்கிறார்கள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை... அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தேன்.

மறுநாள் அஞ்சு பேரும் வேலைக்கு வரவில்லை. கம்பெனியில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாலு பேர் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பாய் பதினோராவது நாள் வந்தார்.

வலது கை விரல் மடங்கவில்லை. வைண்டிங் ஆளுக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

செக்‌ஷனுக்குப் போகாமல் நேராக என்னிடம்தான் வந்தார். ஃபைல் விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அம்மணி, வட்டி வேணுமுன்னு ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க."

ஹஜ்ரத் என்ன சொல்வார் என்று கேட்டேன். எனக்கு அப்போது கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

"படச்சவன்கிட்ட நான் சொல்லிக்கறேனுங்க. ஊட்ல ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க, அம்மணி."

டைப் செய்தேன். கையெழுத்து வரவில்லை, அவர் இடது கைப் பெருவிரலில் நானே மை தடவி ரேகை எடுத்தேன்.

துணியில் மையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அந்தப் பழைய லெட்டரு அவங்க கைக்கு எப்படிங்க போச்சு?"

தெரியலீங்க பாய் என்றேன்.

சரிங்க அம்மணி என்று எழுந்து போனார். அதற்கப்புறம் இத்தனை வருஷம்... ரெண்டு மகள் கல்யாணத்துக்கும் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார், ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

நான்தான் கொடுத்தேன், பாய்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறார்களாம். அதுக்குள்ள உங்க ஊட்டுக்கு வாரேனுங்க.