பாட்டோடு சேர்ந்து வந்த இரைச்சல்

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் தம்போயில் இன்னும் நானேதான் காடி ஓட்டுகிறேன். என் மகன் அதில் புதுசாக ரேடியோவும் பெரிய ஸ்பீக்கரும் பூட்டிக் கொடுத்தான். கொஞ்ச நாளில், எண்ணெய்ப் பெடலை மிதித்தாலே பாட்டோடு சேர்ந்து ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். வேகம் கூடினால் அதுவும் கூடும். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கூடவே கோயிலுக்கு வரும் பக்கத்து வீட்டு ராஜம்மா, “என்னக்கா, வண்டைப் புடிச்சி உள்ள வச்சிருக்கீங்களா?” என்று சிரித்தாள். எனக்கு ரோஷம். பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டினேன். “மட்டமான சாமான வாங்கிட்டு வந்திருக்க” என்று மகனையும் ஏசினேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் பட்டறைக்குப் போனேன். வயர்மேன் என் சீட்டைக் கழற்றிப் பார்த்தார்.

“அலமாக்! யாரு ஆன்ட்டி இப்படிக் கட்டுனது? பேட்டரி வயரும் பாட்டு வயரும் ஒட்டிக் கிடந்தா என்ஜின் சத்தம் வரத்தான்லா செய்யும். இங்க பாருங்க, சீட்டு உரசி பேட்டரி வயரு தோலே போயிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தீ புடிச்சிருக்கும்.”

கட்டியது நான்தான். காடி கழுவும்போது புது ரேடியோவுக்குப் போகும் வயர்கள் தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று, பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டி சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

அவர் பேட்டரி வயரை மாற்றி, இரண்டையும் தனித்தனிப் பக்கமாகக் கொண்டுபோனார். இரைச்சல் நின்றது.

இப்போதெல்லாம் காடியில் புதுச் சத்தம் கேட்டால் பாட்டை அடைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போகிறேன். வயரில் கை வைப்பதே இல்லை. மகனை ஏசியது தப்புத்தான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.