ஒரே அளவில் நிற்கும் ஸ்க்ரூடிரைவர்

மர்பி டவுனில் யசோதாவுக்கு ஒற்றை அறைப் பட்டறை. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பாள். அதற்கு முன் ஹெப்பகோடி தொழிற்சாலையில் பதினோரு வருடம் சர்க்யூட் போர்டு பொருத்தியவள். திருகு எவ்வளவு இறுகியது என்று விரலே சொல்லிவிடும் என நம்பியிருந்தாள்.

அந்த நம்பிக்கை, பழுதுக்கு வந்த நீல் என்ற இளைஞனின் நாற்காலியில் உடைந்தது. ஓட்டும் கைப்பிடியின் மூடியை மாட்டி, கடைசித் திருகை இன்னொரு கால் சுற்று முறுக்கினாள். 'டக்' என்றது. உள்ளே பிளாஸ்டிக் பிளந்து, போர்டிலும் கீறல்.

புதுக் கைப்பிடி வரவழைத்தாள். கூட வந்த தாளில், திருகுகளை 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் இறுக்கக் கூடாது என்றிருந்தது. அந்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று பிடியை விட்டுவிடும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் கருவிக்கடை வைத்திருக்கும் கோவிந்தப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல அளவே ஒண்ணுலதானே ஆரம்பிக்குது சார். எனக்குப் புள்ளி மூணு வேணும்."

"ஸ்வல்ப லேசா திருகுங்கம்மா, ஆயிடும்" என்றார் கன்னடம் கலந்து.

"கைக்கணக்குல திருகித்தான் ஒரு கைப்பிடி உடைஞ்சுபோச்சு."

அடுத்து காட்டிய ஜெர்மன் கருவியின் விலையைக் கேட்டதும் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டாள்.

ஆன்லைனில் மலிவாக ஒன்று கிடைத்தது. அதன் முனையை மேஜையில் பூட்டிய வைஸ் கவ்வியில் பிடித்து, பிடியில் குறுக்கே ஒரு கம்பி கட்டி, பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சோதித்தாள். பாட்டிலின் எடை முந்நூறு கிராம் ஆனதும் க்ளிக் ஆக வேண்டும். முதல் தடவை இருநூற்றைம்பதில் ஆனது. அடுத்த தடவை நானூற்றில். திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று வாங்கினாள். அது க்ளிக்கே ஆகவில்லை.

நீல் போன் செய்தான். "அக்கா, பதினெட்டு நாளாச்சு. பாத்ரூமுக்குக்கூட எங்கண்ணன்தான் தூக்கிட்டுப் போறான். கையாலயே மாட்டிக் குடுத்துடுங்களேன்."

பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இதுவும் உடைந்தால் என்று தோன்றியது. வைத்துவிட்டாள். தன் மேலேயே வந்த கோபத்தோடு கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தாள்.

"எப்பவும் புள்ளி மூணேதான் திருகுவீங்களா?" என்றார் அவர்.

"ஆமா."

"அப்போ அளவு மாத்துறது எதுக்கு? ஒரே அளவுல செட் பண்ணினது இருக்கு. அந்த ஜெர்மன் விலைல கால்வாசிகூட வராது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேக்கலையேம்மா."

அதில் ஒன்றை உடனே அனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நான்காம் நாள் கருவி வந்தது. ஐந்து முறை பாட்டிலைத் தொங்கவிட்டாள். ஐந்து முறையும் முந்நூறை ஒட்டியே க்ளிக் ஆனது. நான்கு திருகுகள், நான்கு க்ளிக். மூடி பொருந்தி உட்கார்ந்தது.

நீல் தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். "ஓடுது" என்றான். முகத்தில் சிரிப்பில்லை. "இன்னொரு தடவ இவ்ளோ நாள் ஆக்காதீங்க அக்கா."

"தப்புதான் நீல்" என்றாள். இருபத்திரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தவனிடம், கைப்பிடியை மாட்டியது ஏழு நிமிட வேலைதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.