அம்மன் உடுத்துக் களைந்த சீலை

தொண்ணூற்றைந்தாம் வருஷப் பொங்கல் லீவு. பாளையங்கோட்டை மியூசியத்துக்குள் எள் விழ இடமில்லை. நாற்று நட்டுத் தேய்ந்த இடுப்போடு சுடலைவடிவு கூடம் கூடமாக நெருக்குப்பட்டு நகர்ந்தாள். மற்றவர்களுக்குப் பார்க்க ஆயிரம் பொருள். அவளுக்கு ஒரே ஆள்தான். பத்தமடைப் பக்கம் அவள் ஊரில் கிணறு வெட்டும்போது கிடைத்த கல் அம்மன். வேப்பமரத்தடியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அரசாங்க ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். ஊரில் அதுவரை வேறு யாரும் ஜீப்பில் ஏறியதில்லை.

செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். சாமி இருக்கிற இடத்துக்கு வேறு எப்படி வருவதாம்?

மகள் நித்யாவுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. இரண்டு தடவையும் தொட்டில் கட்ட முந்திக்கொண்டு பழைய சீலையைத் துவைத்து மடித்து வைத்தவள் இவள்தான். தன் கைராசிதான் பிள்ளைகளைத் தின்றது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை ஒரு கந்தல்கூட எடுத்து வைக்கவில்லை. ஒன்பதாம் மாசம் முடியுமுன் அம்மனுக்குப் புதுச் சீலை சாத்துவதாக நேர்ந்திருந்தாள். மாசம் முடியப் போகிறது. அம்மனைத்தான் எந்தக் கூடத்திலும் காணோம்.

ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த காவலாளி குற்றாலலிங்கத்திடம் கேட்டாள்.

"அந்தச் சிலையா? பழைய காசுக் கண்காட்சிக்கு எடம் பத்தலன்னு குடோன்ல வச்சுப் பூட்டியாச்சு, யக்கா."

அவளுக்கு அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. குடோன் கதவைத் தேடிப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நடை சாத்தியிருந்தால் கதவைக் கும்பிட்டுவிட்டுப் போவது உள்ளதுதானே. பையிலிருந்த புதுச் சீலையைப் பூட்டின் மேல் போட்டாள்.

"யக்கா, என்ன செய்யுதிய?" என்று குற்றாலலிங்கம் பின்னாலேயே வந்தார்.

"கதவுக்காவது சாத்திட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. மகளுக்கு மாசம் நெருங்கிட்டு. இன்னொரு நடை வர ஒடம்புல தெம்பில்ல."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பைய பூட்டைத் திறந்தார்.

உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் இடுப்புயர அம்மன். மேலே வெளுத்துப்போன பச்சை நூல் சீலை ஒன்று சுற்றியிருந்தது.

"வெறுங்கல்லா இங்கன போட்டுட்டுப் போக மனசு கேக்கல," என்றார் கூச்சத்தோடு. "எம் பொண்டாட்டி சீலதான்."

சுடலைவடிவு அதைக் களைந்து புதுச் சீலையைச் சாத்திக் கும்பிட்டாள். பழையதை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு? அம்மன் உடுத்துக் களைஞ்சதுல்லா. மகளுக்குக் கொண்டு போங்க."

வாசலில் செருப்பைக் காணோம். தேடத் தெம்பில்லாமல் வெறுங்காலோடு போய் பஸ் ஏறினாள். சீலை மடியில் கிடந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி, பிள்ளைக்கு உறுத்தாது. இதை அவள் எடுத்து வைக்கவில்லை, அம்மன் எடுத்துக் கொடுத்தது. வெகுநேரம் தொடவே பயமாக இருந்தது. பத்தமடை நெருங்கும்போது இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

தாங்கும் என்றுதான் தோன்றியது.