கமிட்டி வரும் நாள்

பொதுநல வழக்கையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர்கள் இரண்டு இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று நீதிமன்றம், இன்னொன்று நன்கொடை தரும் அறக்கட்டளை. நீதிமன்றமாவது வாய்தா கொடுக்கும். அறக்கட்டளையோ வருஷக் கடைசியில் எத்தனை பேருடைய வாழ்க்கையைத் தொட்டீர்கள் என்று கேட்டு உட்கார்ந்துவிடும். தொடுவது என்றால் எப்படி என்று ஒருமுறை கேட்டேன். அதற்கென்று தனியாகப் பயிற்சி முகாம் இருப்பதாக அவர்களுடைய அதிகாரி சிரிக்காமல் சொன்னார்.

திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் ஒரு பேட்டரி கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அதற்கு நான் தலைவி. பேட்டரி கடைக்கு மேலேயே இருந்தும் எங்கள் இன்வெர்ட்டர் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்பதிலிருந்து என் நிர்வாகத் திறமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வழக்கு இதுதான். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் கடலோரமாக ஒரு மீனவர் குப்பம். அதற்குப் பின்னால் ஒரு ஆலை. ஆலையின் புகைபோக்கி ராப்பகலாகக் கரித்தூளைக் கக்கும். கொடியில் வெள்ளைத் துணி போட்டால் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். முதல் மனுதாரர், என் வயதுள்ள மீன்காரம்மா. அவர் கணவர் ஆயுசில் பாதியைக் கடலிலேயே கழித்தவர். இப்போது நுரையீரல் கெட்டு, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்த அறைக்குள் மூச்சு மிஷினோடு கிடந்தார். அலைச்சத்தம் கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு கடலைப் பார்த்து மாசக்கணக்காகிவிட்டது. அந்த மனிதர் வாசலில் உட்கார வேண்டும், அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். நான் அதை, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவாக மாற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

நீதிமன்றம் நிபுணர் கமிட்டி ஒன்றை அமைத்து, முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யச் சொன்னது. எங்கள் பக்கத்தில் முன்னறிவிப்பின்மை எப்படி நடக்கும் என்றால், முந்தின நாள் சாயங்காலமே டேங்கர் லாரி வந்து ரோட்டில் தண்ணீர் தெளிக்கும். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு விழும். ஆலை கேட்டில் எங்கிருந்தோ குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கும். விடிந்ததும் புகைபோக்கி புகையே விடாமல் சாதுவாகிவிடும்.

கரி படிந்த குடமும் கறுத்த சுவருமாக மக்கள் காத்திருப்பார்கள் என்று நினைத்துக் கமிட்டியின் காருக்குப் பின்னாலேயே போனேன். தெருவைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு கொடி பாக்கியில்லை. பள்ளிக்கூடச் சட்டை, வேட்டி, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்று எல்லாம் பளீரென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தார்ப்பாயில் கருவாடு காய்ந்தது. துணி வெள்ளையாகக் காயும் ஒரே நாள் இதுதான் என்று தெரிந்து பெண்கள் இருட்டோடு எழுந்து துவைத்திருந்தார்கள். நடுவே, மனுதாரர் வீட்டு வாசலில், நாடாக் கட்டிலில் அவர் கணவர் கடலைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டித் தலைவர் படமெடுத்தார். பிறகு கட்டிலில் இருந்த பெரியவரிடம், எப்படி இருக்கிறீர்கள் என்று அன்பாக விசாரித்தார்.

"இன்னிக்கு சொகமா கீறேன் சார்."

அறிக்கையில் "குடியிருப்பாளர் தாம் சுகமாக இருப்பதாகத் தெரிவித்தார்" என்று வந்தது. "இன்னிக்கு" என்பது நிபுணர்களுக்கு அநாவசியமாகப் பட்டிருக்கும். ஆலையின் மூத்த வழக்கறிஞர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, இவ்வளவு நல்ல காற்று என்றால் தாமே அங்கே குடிபோகலாம் போலிருக்கிறது என்றார். வாடகைக்கு வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னேன். நீதிபதி புன்னகைத்தார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நிவாரணம் அதுதான்.

அறக்கட்டளைக்கு மட்டும் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளைத் துணி, நீலக் கடல், சிரிக்கும் பெரியவர். ஆண்டறிக்கை அட்டைக்கு வேண்டும் என்றார்கள். அது எதிர்த்தரப்பின் சாட்சியம் என்று விளக்கினேன். அதனாலென்ன, நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றார் அதிகாரி.

மன்றாடி இரண்டாவது ஆய்வுக்கு உத்தரவு வாங்கினோம். இந்த முறை கொடியில் ஒரு கைக்குட்டைகூட இருக்கக்கூடாது, கதவெல்லாம் சாத்தியிருக்க வேண்டும், பெரியவர் மிஷினோடு உள்ளேயே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டோம். சட்டப்படி அப்பழுக்கில்லாத திட்டம். அதைச் சொல்ல நானே குப்பத்துக்குப் போனேன். அந்த அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"நீ சொல்றது கேஸுக்கு நல்லதுதான் மேடம். ஆனா அந்தாளு மூச்சு வுட்றதே கமிட்டி வர்ற அன்னிக்குதான். அன்னிக்கும் உள்ள போட்டுப் பூட்டிட்டா, நான் இன்னாத்துக்கு கேஸு போட்டேன்?"

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்களை வைத்துக்கொண்டு எந்த வழக்கை ஜெயிப்பது என்று மனசுக்குள் பொருமினேன். டோல்கேட் வருவதற்குள் கோபம் போய்விட்டது. மாடியேறியதும் மனுவை எடுத்து, அந்த அம்மா கேட்டது அதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

இரண்டாவது ஆய்வுக்கு முன்பே வந்த அடுத்த வாய்தாவில் ஆலையை மூடு என்று நான் கேட்கவில்லை. கமிட்டி வாராவாரம் வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். என் ஜூனியர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கமிட்டி உங்களுக்கு எதிராகத்தானே அறிக்கை கொடுத்தது என்று நீதிபதியே கேட்டார். அறிக்கை எப்படியும் இருக்கட்டும், அவர்கள் வந்தால் போதும் என்றேன். மூத்த வழக்கறிஞர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தம் கட்சிக்காரரை அவ்வளவு பாராட்டிய கமிட்டி வரக்கூடாது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? மாதம் ஒருமுறை என்று உத்தரவானது. இது வெற்றியா தோல்வியா என்று அறக்கட்டளை கேட்டது. எனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

முதல் மாத ஆய்வு நாளன்று காலையில் அந்த அம்மா போன் செய்தார். பின்னால் துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், பொகை நின்னு பூட்ச்சு. அவர வெளிய ஒக்கார வச்சிகீறேன். டீ குட்ச்சிக்கினு கீறாரு." கொஞ்சம் தள்ளிப் போனார் போலிருக்கிறது, குரல் தணிந்தது. "நாளிக்கும் கமிட்டி வருமான்னு கேக்குறாரு."

இல்லம்மா, இனி அடுத்த மாதம்தான் என்றேன்.



"சரி, வரும்னே சொல்லிட்றேன்" என்று போனை வைத்தார்.